வீராவுக்கு ஓர் எஞ்சின்

இலக்கியம் பேசும் இடத்தில் எஞ்சினைப் பற்றி எழுத வந்திருக்கிறோம். நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சென்ற ஆண்டு முழுவதும் நாங்கள் நாவல்களைவிட அதிகமாகப் படித்தது எண்ணெய்க் கறை படிந்த பழுதுபார்ப்புக் கையேடுகளைத்தான். நாங்கள் என்பது கிள்ளானில் வசிக்கும் அண்ணன் தம்பி இருவர். சேர்ந்தே எழுதுகிறோம், கருத்து வேறுபட்ட இடங்களில் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

அப்பா விட்டுச் சென்றவற்றுள் பெரியது, 1.5 லிட்டர் புரோட்டோன் வீரா கார். மிட்சுபிஷி லான்சரை அடியொற்றி 1993இல் அறிமுகமான வகை அது. மலாயில் ‘வீரா’ என்றால் வீரன். அவர்களுடைய சொல்லும் நம்முடைய சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதில் அப்பாவுக்கு ஒரு பெருமிதம் இருந்தது. வாரம் முழுவதும் துறைமுகத்துக்கு லாரி ஓட்டியவர், ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் காரை வேறு யாரையும் தொடவிடாமல் தாமே கழுவுவார். 2002இல் கரம்ஜித் சிங் புரோட்டோன் பெர்ட் காரில் உற்பத்திக் கார்களுக்கான உலக ரேலிப் பட்டத்தை வென்றபோது, நாளிதழில் வந்த படத்தை வெட்டிச் சுவரில் ஒட்டியவரும் அவரே. எங்கள் ஆசைக்கு விதை அந்தச் சுவரில் இருந்தது.

அவர் மறைந்த மூன்றாம் ஆண்டில் கார் நீலப் புகை கக்கத் தொடங்கியது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து எண்ணெய் எரிகிறது என்றார்கள். எப்படியும் எஞ்சினைத் திறந்தாக வேண்டும். திறப்பதுதான் திறக்கிறோம், டர்போவுக்குத் தாங்கும்படி கட்டிவிடலாமே என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. நாங்கள் ஒத்துப்போனது அத்துடன் சரி.

டர்போவின் தத்துவம் எளியது. வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரம் சுழல்கிறது. அதே அச்சில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்புகிறது. காற்று மிகுந்தால் அதற்கேற்பப் பெட்ரோலையும் மிகுதியாக எரிக்கலாம். இடர் வெப்பத்தில் இருக்கிறது. நம் ஊர் 30 டிகிரிக் காற்றை 0.7 பார் மிகையழுத்தத்துக்குக் கொண்டுபோனால் அதன் வெப்பம் 100 டிகிரியை நெருங்கிவிடும். இன்டர்கூலர் அதில் பெரும்பகுதியைத் தணிக்கும், முழுவதையும் அல்ல. அந்தக் காற்றைச் சிலிண்டர் மேலும் அழுத்தும்போது, பிளக் ஏற்றிய சுடர் போய்ச் சேரும் முன்பே மிச்சக் கலவை தானாக வெடிக்கும். அந்த வெடிப்பு நீடித்தால் பிஸ்டனில் ஓட்டை விழும். இதனால்தான் அக்கால டர்போ எஞ்சின்களில் அழுத்த விகிதத்தைத் தொழிற்சாலையிலேயே குறைத்து வைத்தார்கள்.

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, காரிலேயே இருக்கும் 4ஜி15. 1,468 சிசி, பன்னிரண்டு வால்வு, வார்ப்பிரும்புக் கட்டை. உழைப்பாளி. ஆனால் அதன் அழுத்த விகிதம் ஒன்பதுக்கு மேல். பிஸ்டன், கனெக்டிங் ராடு, கேஸ்கெட், கியர்பெட்டி எல்லாம் மாற்றினால்தான் டர்போவைத் தாங்கும். இரண்டாவது, 4ஜி63. 1,997 சிசி. 1992 முதல் 2007 வரை லான்சர் எவல்யூஷன் வரிசையைச் சுமந்த எஞ்சின். டோமி மாக்கினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு உலக ரேலிப் பட்டங்கள் வென்றது இதைக்கொண்டுதான். முதல் எவல்யூஷனிலேயே 250 குதிரைத்திறன். மூன்றாவது, லான்சர் ஜிஎஸ்ஆர் காரில் வந்த 4ஜி93 டர்போ. 1,834 சிசி, 195 குதிரைத்திறன். இதைப் பற்றிச் சுவரில் ஒட்டும்படியான படம் எதுவும் எங்களிடம் இல்லை.

மூத்தவன் 4ஜி15 என்றான். அப்பா ஓட்டிய எஞ்சினை எடுத்துவிட்டால் அது அப்பாவின் கார் ஆகுமா என்பது அவன் கேள்வி. இளையவன் 4ஜி63 என்றான். உள்ளே இருக்கும் அத்தனையையும் மாற்றிய பிறகு மிஞ்சும் அந்த இரும்புக் கட்டைதான் அப்பாவா என்று திருப்பிக் கேட்டான். கேட்டிருக்கக் கூடாது. பதினைந்து நாள் ஒரே வீட்டில் பேசாமல் இருந்தோம். அம்மா இருவருக்கும் தனித்தனியே சோறு போட்டார்.

இறுதியில் இருவரும் தத்தம் கணக்குத் தாளுடன் அப்பாவுக்குப் பழக்கமான ஒரு போர்மேனிடம் போனோம். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு இரண்டு தாள்களையும் பொறுமையாகப் படித்தார். “தம்பிங்களா, ஓடுறதுக்கு எல்லாம் எழுதியிருக்கீங்க. நிக்கிறதுக்கு என்ன எழுதியிருக்கீங்க?” என்றார். இருவர் தாளிலும் பிரேக்குக்கு ஒரு வெள்ளிகூட ஒதுக்கப்படவில்லை. “இதுல உங்கம்மா உட்காருவாங்களா?” என்று மட்டும் மேலும் கேட்டார். ஈப்போவில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அம்மா போய்வருவது அந்தக் காரில்தான்.

அன்றிரவு கணக்கைத் தலைகீழாகப் போட்டோம். ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. நெடுஞ்சாலையின் 110 கிலோமீட்டர் வரம்பைக் கடந்து 160இல் போகும் வண்டியை நிறுத்த, இரு மடங்குக்கும் அதிகமான ஆற்றலைப் பிரேக் விழுங்க வேண்டும். எங்கள் காரிலோ பின்சக்கரங்களுக்கு இன்னும் டிரம் பிரேக். ஆகவே முதலில் பிரேக், பிறகு டயர், பிறகு ரேடியேட்டரும் கியர்பெட்டியும் என்று எழுதிவிட்டு, மீந்த தொகைக்குள் எந்த எஞ்சின் அடங்கும் என்று பார்த்தோம். 4ஜி63இன் திறனை முன்சக்கரங்கள் இரண்டும் மட்டுமே தாங்க வேண்டுமென்றால், மழை நாளில் அவை வழுக்கிச் சுழலும். ஸ்டீயரிங் கையைப் பிடுங்கும். நான்கு சக்கரங்களுக்கும் பகிர்வதென்றால் அப்பாவின் காரின் தரையையே வெட்ட வேண்டும். இதை இளையவனே சொன்னான். 4ஜி15க்கு ஆகும் செலவில் டர்போவுக்கென்றே பிறந்த ஓர் எஞ்சினை வாங்கிப் புதுப்பித்துவிடலாம் என்பதை மூத்தவன் ஒப்புக்கொண்டான்.

ஆக, இருவரும் கேட்காத 4ஜி93. வீரா 1.8 காரில் அதே குடும்பத்து எஞ்சின் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டது என்பதால் தாங்கிகள் பொருந்தும், உதிரிகள் கிடைக்கும், அதன் கோளாறுகளைப் போர்மேன் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஜப்பானில் பாதியாக வெட்டப்பட்டு இங்கே வந்திறங்கும் ‘ஹாஃப் கட்’ குவியலில் ஒன்றைத் தேர்ந்தோம். நான்கு சிலிண்டர்களின் அழுத்தமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா, எண்ணெய் மூடியின் அடியில் கருஞ்சேறு படிந்திருக்கிறதா, டர்போவின் அச்சு முன்னும் பின்னும் ஆடுகிறதா என்று அவர் சொல்லித்தர நாங்களே பார்த்தோம். ஜேபிஜே ஒப்புதலும் எஞ்சின் எண் மாற்றமும் இல்லாமல் கைவைக்க மாட்டேன் என்றார்; அதற்கும் அலைந்தோம். வளையங்கள், பேரிங்குகள், டைமிங் பெல்ட், கேஸ்கெட் எல்லாம் புதியவை. மிகையழுத்தம் 0.6 பாருக்கு மேல் இல்லை. ரோன் 97 பெட்ரோல் மட்டும்.

பழைய எஞ்சினைச் சங்கிலியில் தூக்கிய அன்று மூத்தவன் பட்டறைக்கு வரவில்லை. நாங்கள் எழுதும் ‘நாங்கள்’ அந்த ஒரு நாள் ஒருவனாக இருந்தது.

முதல் முறையாக ஈப்போ போய்த் திரும்பியபோது தாப்பா அருகே பெருமழை. முன்னால் சென்ற லாரி திடீரென்று வேகம் குறைத்தது. எங்கள் கார் நேராக, ஆடாமல் நின்றது. பின்னிருக்கையில் இருந்த அம்மா புதிய எஞ்சினைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. “பிரேக்கு நல்லா பிடிக்குது” என்றார். அப்பா உயிரோடு இருந்திருந்தால் அவரும் அதைத்தான் முதலில் கவனித்திருப்பார்.

4ஜி15 இப்போது வீட்டின் பின்புறம் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் திறந்து துடைப்பவன், அது வெறும் இரும்புக் கட்டை என்று சொன்னவன்தான்.