கத்திகள் பிறக்கும் ஏரிக்கரை

ஸ்விட்சர்லாந்து என்றதும் நமக்கெல்லாம் பனிமலையும் சாக்லேட்டும் கைக்கடிகாரமும்தான் ஞாபகத்துக்கு வரும். அந்த நாட்டுக்கே பெயர் தந்த ஷ்வீஸ் மாநிலத்தில், லூசர்ன் ஏரியை ஒட்டிய பகுதி கத்திக்குப் பேர் போனது! தம்பி குடும்பம் அந்தப் பக்கம் இருப்பதால், போன கோடையில் நானும் என் கணவரும் இரண்டு வாரம் அங்கே தங்கினோம்.

தம்பி வீடு இருக்கும் ஊர் புருன்னன். சும்மா சொல்லக் கூடாது, கண்ணுக்குக் குளிர்ச்சியான ஊர். முன்னால் பச்சை நீல ஏரி, பின்னால் மீத்தன் என்ற இரட்டை மலை. எதிர்க்கரையில் ரூட்லி புல்வெளி. 1291-ல் மலைநாட்டார் கூடிச் சத்தியம் செய்துகொண்டதாகச் சொல்லப்படும் இடம் அது.

ஏரியை ஒட்டி ஆக்ஸன் சாலை போகிறது. 1865-ல் பாறையைக் குடைந்து போட்டது. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் ஆழமான தண்ணீர். தம்பி மனைவி இரண்டு பிள்ளைகளையும் பின்சீட்டில் வைத்துக்கொண்டு அந்த வழியாகத்தான் அடிக்கடி கார் ஓட்டுகிறாள். "அக்கா, வண்டி தண்ணிக்குள்ள போயிட்டா பிள்ளைங்களை எப்படி அவுத்து எடுக்கிறதுன்னு நினைச்சா தூக்கமே வர்றதில்லை" என்றாள். தாய் மனசு!

புருன்னனிலேயே கத்திக் காட்சியகம் ஒன்று இருக்கிறது. பக்கத்து ஊரான இபாக்கில் 1884-ல் கார்ல் எல்சனர் என்பவர் கத்திப் பட்டறை தொடங்கினார். 1891-ல் ராணுவ வீரர்களுக்குக் கத்தி செய்து கொடுத்தார். டப்பா திறக்கவும், துப்பாக்கியைக் கழற்றவும் உதவும் மடக்குக் கத்தி அது. 1909-ல் தாயார் விக்டோரியா காலமானதும், அவர் பெயரையே கத்திக்குச் சூட்டினார். பிறகு 1921-ல் துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' சேர்ந்து 'விக்டோரினாக்ஸ்' ஆயிற்று. உலகமெல்லாம் தெரிந்த பெயருக்குள் ஓர் அம்மா இருக்கிறாள், பாருங்கள்!

அங்கே பார்த்ததையும், தம்பி விளக்கியதையும் வைத்து, ஆபத்தில் எது உதவும் என்று ஒப்பிட்டுப் பார்த்தோம்.

உறைக்குள் செருகும் பெரிய கத்தி: காட்டில் தங்குபவர்களுக்கு விறகு சீவவும் கயிறு அறுக்கவும் நல்லது. ஆனால் பதறிய கையோடு குழந்தையின் நெஞ்சருகே பெல்ட்டை அறுக்கக் கூர்முனைக் கத்தி வேண்டாம். கண்ணாடியைக் குத்தினால் வழுக்கி நம் கையையே பதம் பார்க்கும்.

சாதாரண மடக்குக் கத்தி: பழம் நறுக்க அருமை. நகத்தால் நெம்பித் திறக்க வேண்டும். ஈரக் கையால் நடக்கிற காரியமா?

மீட்புக்கென்றே செய்த மடக்குக் கத்தி: பெல்ட்டை அறுக்கக் கொக்கி போல் வளைந்த அலகு, கண்ணாடி உடைக்கும் முனை, முன்கண்ணாடியை அறுக்க ரம்பம் எல்லாம் இதில் உண்டு. இருட்டில் ஒளிரும் மஞ்சள் பிடி வேறு. ஆனால் பழகியவர் கைக்குத்தான் இது.

சாவிக்கொத்து அளவு ஸ்பிரிங் கருவி: கண்ணாடி மூலையில் வைத்து அழுத்தினால் போதும், ஸ்பிரிங் முனை தெறித்து உடைக்கும். பெல்ட் அறுக்கும் அலகு உள்ளே மறைந்திருப்பதால் உடம்பில் படாது. தண்ணீருக்குள் சுத்தியலை ஓங்கினால் வேகம் குறைந்துவிடும். இதற்கு அந்தக் குறை இல்லை. தம்பி மனைவி வாங்கியது இதைத்தான்.

ஒரு விஷயம் முக்கியம். 2019-ல் அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கம் ஆறு கருவிகளைச் சோதித்தது. நான்கு, சாதாரணப் பக்கக் கண்ணாடியை உடைத்தன. நடுவில் படலம் வைத்து ஒட்டிய 'லாமினேட்டட்' கண்ணாடியை ஒன்றுகூட உடைக்கவில்லை. முன்கண்ணாடி அந்த வகைதான். சில புதுக் கார்களில் பக்கக் கண்ணாடியும் அப்படியே. கண்ணாடியின் மூலையில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். இன்றைக்கே உங்கள் வண்டியில் பாருங்கள்.

கார் தண்ணீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிஷம்தான் நம் கையில். கதவைத் திறக்கப் போராடாமல் பெல்ட்டைக் கழற்றி, ஜன்னலை இறக்கி, பிள்ளைகளை முதலில் வெளியே அனுப்பி, பின்னாலேயே நாமும் போய்விட வேண்டும். ஜன்னல் இறங்காவிட்டால்தான் கருவி.

ஏரிக்கரையில் இல்லாத நமக்கு எதற்கு என்கிறீர்களா? 2013 அக்டோபரில் பெங்களூரிலிருந்து ஹைதராபாத் போன சொகுசு பஸ் பாலேம் அருகே தீப்பற்றி 45 பேர் போனார்களே! பஸ்ஸில் ஏறியதும் அவசர வழி எங்கே, சுத்தியல் எங்கே தொங்குகிறது என்று பார்த்துப் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.

கருவி வாங்கினால் டிக்கியில் போடாதீர்கள். பெல்ட் போட்டு உட்கார்ந்தபடியே ஓட்டுபவர் கைக்கு எட்ட வேண்டும், குழந்தைகளுக்கு எட்டக் கூடாது. விமானத்தில் போகும்போது கத்தியைக் கைப்பையில் வைக்காமல், சரக்கோடு போகும் பெட்டியில் வையுங்கள். மாதம் ஒரு தடவையாவது கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டிப் பாருங்கள். தொட்டதும் கிடைத்தால்தான் அது நம்மைக் காக்கும்!