லிப்போ பேட்டரியும் எலுமிச்சைத் தோப்பும்

புளியங்குடி என்றதும் எல்லோருக்கும் எலுமிச்சைதான் ஞாபகம் வரும். அந்தத் தோப்புகளுக்கு மேலேயும் ட்ரோன் பறக்கிற காலம் இது. கல்யாண வீடியோக்காரர்களின் கம்பெனி ட்ரோன் என்றால் பேட்டரிக்குள்ளேயே பாதுகாப்புச் சர்க்யூட் இருக்கும். காலேஜ் பசங்க ஆன்லைனிலோ சென்னை ரிச்சி தெருவிலோ பாகம் பாகமாக வாங்கி மாட்டுகிறார்களே, அந்த லித்தியம் பாலிமர் பேட்டரியில், அதாங்க லிப்போ, பெரும்பாலும் அது கிடையாது. வைத்திருப்பவர்தான் காவல்காரர்!

வாங்கும்போது எல்லோரும் பார்ப்பது எம்.ஏ.எச். மட்டும். 'சி' என்று ஓர் எண் போட்டிருக்கும், அதையும் பார்க்க வேண்டும். 1500 எம்.ஏ.எச்., 40சி என்றால் 1.5 x 40 = 60 ஆம்பியர் வரை தரும் என்று அர்த்தம். நாலு மோட்டாரும் ஆளுக்கு 15 ஆம்பியர் இழுத்தால் அத்தனையும் காலி. லேபிளில் அந்த எண்ணைக் கூட்டிப் போடுவதும் சகஜம். அதனால் கொஞ்சம் கூடுதலாகவே வாங்குவது நல்லது. விலையிலும் ஒரு கணக்கு உண்டு. 1,500 ரூபாய் பேட்டரி 150 தடவை பறந்தால் தடவைக்கு 10 ரூபாய். 1,000 ரூபாய் பேட்டரி 50 தடவையில் உப்பிவிட்டால் 20 ரூபாய். எது மலிவு?

ஒரு செல்லுக்கு முழு சார்ஜ் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் செல் கெட்டுவிடும். 3.5 வந்ததுமே இறக்கிவிட வேண்டும். ஆடிக் காற்றில் இது ரொம்ப முக்கியம். காற்று மேற்கே மலைப் பக்கமிருந்து வரும். கிழக்கே ஜாலியாகப் போன ட்ரோன் திரும்பி வருவதற்குள் பேட்டரியைக் குடித்துவிடும். அப்புறம் எலுமிச்சை முள்ளுக்குள் தேட வேண்டியதுதான் :-) முதலில் மேற்கே போய்விட்டுக் காற்றோடு திரும்புவதே புத்திசாலித்தனம்.

இதெல்லாம் காசு நஷ்டம். உயிர் விஷயம் சார்ஜ் போடும் இடத்தில் இருக்கிறது. லிப்போவுக்குள் இரண்டு முனைகளையும் பிரிப்பது ஒரு மெல்லிய சவ்வு, சுற்றிலும் தீப்பிடிக்கும் திரவம். சவ்வு கிழிந்தால் சூடு சூட்டை வளர்க்கும், அடுத்தடுத்த செல்லும் பற்றும், புகையும் விஷம். நம்மூர் வீடுகளில் ஹாலில்தான் எல்லோரும் பாய் விரித்துப் படுப்பது. அதே ஹாலில் ராத்திரி சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குகிறவர்களை என்ன சொல்வது? சிமெண்ட் தரையில், துணி, பேப்பர் பக்கத்தில் இல்லாமல், பேலன்ஸ் சார்ஜரில், ஆள் விழித்திருக்கும்போதுதான் போட வேண்டும். 1500 எம்.ஏ.எச்.சுக்கு 1.5 ஆம்பியர் போதும், அவசரம் வேண்டாம். பறந்து வந்த சூடு ஆறிய பிறகே போட வேண்டும்.

மழை வந்து பறக்கவில்லை என்று முழு சார்ஜோடு பீரோ மேலே போட்டு வைப்பதும் தப்பு. செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைக்க, நல்ல சார்ஜர்களில் 'ஸ்டோரேஜ்' என்றே ஒரு வசதி இருக்கிறது. சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் வைப்பது அதைவிட மோசம்.

உப்பிய பேட்டரியை ஊசியால் குத்திக் காற்றை விடும் 'டாக்டர்கள்' சிலர் உண்டு. குத்துகிற இடத்திலேயே தீப்பிடிக்கலாம். பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடவும் கூடாது. பாவம், சுத்தியலால் உடைப்பவர் அவர்தானே. சார்ஜை முழுக்க வடித்து, முனைகளில் டேப் சுற்றி, மின் கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்கும்வரை மணல் வாளியில் வீட்டுக்கு வெளியே வைத்திருக்கலாம்.