தோத்தா எழுந்திரு!

சென்னையில் பீச், மால், மவுன்ட் ரோடு எல்லாம் சுத்தியாச்சா? அப்படியே ஆழ்வார்பேட்டை பக்கம், கஸ்தூரி ரங்கா சாலைக்கு ஒரு நடை போயிட்டு வாங்க. ரஷ்ய கலாசார மையம் இருக்கிறது அங்கேதான். சோவியத் யூனியன் இருந்த காலத்தில் அது சோவியத் கலாசார மையம். இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மேனுவல் ஆரோன், 1972-ல் இங்கே ஒரு செஸ் கிளப் ஆரம்பித்தார். முன்னாள் உலக சாம்பியன் மிகைல் டால் பெயரில், 'டால் செஸ் கிளப்'.

அங்கே சக்கைப்போடு போட்டது பிளிட்ஸ் ஆட்டம். சட்டம் ரொம்ப சிம்பிள். ஜெயிச்சவர் நாற்காலியிலேயே இருக்கலாம். தோத்தவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போகணும். ஆளுக்கு அஞ்சு நிமிஷம்னா ஒரு ஆட்டம் அதிகபட்சம் 10 நிமிஷம். முன்னாடி ஆறு பேர் நின்னா, அடுத்த சான்ஸுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம்!

அதனால, ரெண்டு சாதாரண கிளப் பிளேயர்கள் மோதினாலும் அனல் பறக்கும். கோப்பை கிடையாது, பணம் கிடையாது. பரிசே அந்த நாற்காலிதான்.

நினைச்சுப் பாருங்க. ஒருத்தரிடம் ஒரு யானை அதிகம். ஆனால், கடிகாரத்தில் பாக்கி அரை நிமிஷம். எதிராளி ராணியை வெச்சு செக் மேல செக் கொடுக்கிறார். காய் நகர்த்தின அதே கையால்தான் கடிகாரத்தையும் தட்டணும். முள் ஏறி ஏறி, குட்டிச் சிவப்புக் கொடியைத் தூக்குது. 'டப்'! கொடி விழுந்தாச்சு. யானை இருந்தும் புண்ணியமில்லை, ஐயா வரிசைக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

இந்த வரிசையில் நின்ன ஒரு ஸ்கூல் பையன் பேர் விஸ்வநாதன் ஆனந்த். மின்னல் வேகத்தில் ஆடியே 1987-ல் உலக ஜூனியர் சாம்பியன். 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர்.

இன்னிக்கு மொபைலில் தோத்தா ஒரு தட்டு தட்டினால் போதும், அடுத்த ஆள் ரெடி. தோல்விக்கு விலையே இல்லை. அந்த வரிசையில் விலை உண்டு. உங்க நாற்காலியில் இன்னொருத்தர் ஆடுறதை நின்னு பார்க்கணும். எங்கே கோட்டை விட்டோம்னு மண்டைக்குள்ள ஓடுமே, பாதிப் பாடம் அங்கேதான்!

ஹாஸ்டல்ல ஒரு போர்டும் ஏழெட்டுப் பேரும் இருக்கீங்களா? ஒரே ஒரு நாற்காலி ஜோடி போடுங்க. மத்தவங்க எல்லாம் நில்லுங்க!