கார்ப்பெட்டுக்கு அடியில் ஓக்

டொராண்டோவின் ஸ்கார்பரோ பக்கம் 1950களில் கட்டிய பங்களா வீடுகளில், கார்ப்பெட்டின் ஒரு மூலையைக் கிளப்பிப் பார்த்தால் பலவற்றில் ஓக் மரத்தரை தெரியும். ¾ அங்குலக் கனத்தில் அசல் மரம். சுவருக்குச் சுவர் கார்ப்பெட் விரிப்பது நாகரிகமானபோது அதை அப்படியே மூடிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கனடாவின் ஜனவரியில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு அந்தக் கதகதப்பின் அருமை தெரியும்.

இப்போது அந்த வீடுகளை வாங்கும் நம்மவர்கள் முதலில் கார்ப்பெட்டைத்தான் எடுக்கிறார்கள். அது சுலபமாகச் சுருண்டு வந்துவிடும். மிஞ்சி நிற்பது, அறையைச் சுற்றிச் சுவரோரமாக அடித்த ஆணிப்பட்டை. ஓர் அங்குல அகலமுள்ள ப்ளைவுட் கீற்று அது; அதன் முதுகில் சுவர்ப்பக்கமாகச் சாய்ந்த கூர்முனைகள், அதைத் தரையோடு இறுக்கும் ஆணிகள் வேறு.

அன்று ஆணி அடித்தவரால் ஓக்குக்கு வந்தது சின்னத் துளைதான். பெரிய சேதமெல்லாம் இன்று அவசரமாகப் பிடுங்குகிறவரால் வருகிறது. பாரையை நேராகப் பலகையில் ஊன்றி நெம்பினால் அதன் வளைவு பதிந்து பிறைபோல ஒரு குழி விழும். எத்தனை கோட் வார்னிஷ் அடித்தாலும் அது மறையாது.

அகலமான பட்டிக் கத்தியைத் தரையோடு படுக்கவைத்து, ஆணித்தலைக்கு நேராகப் பட்டையின் அடியில் மெல்லத் தட்டி நுழைக்க வேண்டும். தட்டைப் பாரை அதன்மேல்தான் போக வேண்டும்; வளைவு அழுந்தும் இடத்தில் ஒரு ப்ளைவுட் துண்டு. இரண்டு ஆணிகளுக்கு நடுவில் நெம்பினால் பட்டை முறியும், ஆணி தரையிலேயே நின்றுவிடும். ஒன்றைக் கொஞ்சம் கிளப்பிவிட்டு அடுத்ததற்குப் போய், திரும்ப முதல் ஆணிக்கு வர வேண்டும். பழைய ஓக் இரும்பை லேசில் விடாது. கிறீச்சென்று அது விட்டுக்கொடுக்கும்போது கையில் ஒரு தளர்வு தெரியும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். தலை போன ஆணியைக் குறட்டால் கவ்வி, பலகைத் துண்டின்மேல் குறட்டை உருட்டினால் வந்துவிடும். அடிமெத்தைக்கு அடித்த ஸ்டேப்ளர் பின்களையும் ஒன்று விடாமல் எடுங்கள்; ஒன்று தங்கினாலும் தேய்க்கும் மெஷினின் உப்புத்தாளைக் கிழித்துவிடும்.

சில ஆணிகளைச் சுற்றிக் கறுப்பு வளையம் இருக்கும். எப்போதோ தண்ணீர் பட்ட இடம். ஓக்கிலுள்ள டானின், ஈரத்தில் இரும்போடு சேர்ந்து கறுத்திருக்கிறது. கடுக்காயும் இரும்பும் சேர்த்துக் கலம்காரித் துணிக்குக் கறுப்பு ஏற்றுவதும் இதே வேதியியல்தான். ஆக்சாலிக் அமிலக் கரைசல் தடவினால் பெரும்பாலும் வெளிறும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். வெளிறியபின் ஈரத்துணியால் நன்றாகத் துடைத்தெடுத்து, காயவிட்ட பிறகே தேய்க்க வேண்டும். மிஞ்சிய அமிலத்தின் தூசி மூச்சில் ஏறக் கூடாது.

துளைகளைக் காட்டி ஓரப் பலகைகளையே மாற்றச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம். அந்த மரம் இன்னும் சில முறை தேய்ப்பைத் தாங்கும். ஓக் நிறத்துக்குச் சேர்ந்த மரப்பட்டி பூசினால் போதும். அந்த ஓரத்தில் எப்படியும் சோபாவும் புத்தக அலமாரியும்தான் வந்து உட்காரப் போகின்றன.