உச்சிக் கிளையில் வௌவாலின் பங்கு

மொரீஷியஸின் தென்கிழக்குக் கரையில் மஹேபூர் என்று ஒரு சிற்றூர். கணவரின் வேலை நிமித்தம் அங்கே குடிபோன எனக்கு, தீவை முதலில் பழக்கிவிட்டது அதன் திங்கட்கிழமைச் சந்தைதான். காலையிலேயே எண்ணெய்ச் சட்டியிலிருந்து ‘காதோ பிமா’ மணக்கும். பட்டாணிப் பருப்பை அரைத்து, பச்சை மிளகாயும் வெங்காயத் தாளும் சேர்த்துச் சிறு உருண்டைகளாகப் பொரிப்பார்கள். நம் பருப்பு வடைக்கு நெருங்கிய சொந்தம். அதைச் சூடாக வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் வைத்துத் தின்பதுதான் ஊரின் காலைப் பலகாரம்.

அடுத்த கடையில் தால் பூரி. வேகவைத்துப் பொடித்த பருப்பை உள்ளே வைத்து, காகிதம் போல மெல்லியதாகத் தேய்த்துச் சுட்டிருப்பார்கள். எப்போதும் சோடியாகத்தான் தருவார்கள். நடுவில் டபுள் பீன்ஸ் குழம்பு, தக்காளித் தொக்கு, மிளகாய் விழுது. காரம் நாக்கில் நிற்கும்போது சப்ஜா விதையும் கடற்பாசித் துருவலும் மிதக்கும் குளிர்ந்த பாலைக் குடிக்க வேண்டும். அலூடா என்பது அதன் பெயர். கீரைக் கட்டுகளுக்கு நடுவே முருங்கைக்கீரையைப் பார்த்த அன்று, இந்த ஊரில் வாழ்ந்துவிடலாம் என்ற தைரியம் வந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தமிழ்க் கைவினைஞர்களை இங்கே கொண்டுவந்தார்கள். 1834-க்குப் பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இன்னும் பலர் வந்தார்கள். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கிரியோல் பேசுகிறார்கள். தைப்பூசத்துக்கு நாடே விடுமுறை விடுகிறது. கோயில் விருந்தில் வாழையிலை போட்டு, சோற்றைச் சுற்றி ஏழு கறிகள் பரிமாறுகிறார்கள். அந்தப் பந்தியில் உட்கார்ந்தபோது யாரும் என்னிடம் எந்த ஊர் என்று கேட்கவில்லை. போதும் போதும் என்றாலும் விடாமல் பரிமாறினார்கள்.

ஆனால் அந்த இலையில் இருந்த எதுவும் இந்தத் தீவில் பிறந்ததல்ல. பருப்பு, மிளகாய், கரும்பு, அவற்றைச் சமைத்த மனிதர்கள் எல்லாமே கப்பலில் வந்தவை. டச்சுக்காரர்கள் 1598-இல் கரையிறங்கியபோது இங்கே மனிதரே இல்லை. டோடோவும் பேராமைகளும் கருங்காலிக் காடுகளும் இருந்தன. ஆமைகளை மாலுமிகள் உயிரோடு கப்பலில் ஏற்றி, நடுக்கடலில் அறுத்துத் தின்றார்கள். கப்பலோடு வந்த எலியும் பன்றியும் குரங்கும் தரையில் கூடு கட்டிய டோடோவின் முட்டைகளைத் தின்றன. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் டோடோ அழிந்துபோனது. பிறகு உலகத்தின் இனிப்புக்காகக் காட்டை அழித்துக் கரும்பு வைத்தார்கள். நல்ல நிலையில் உள்ள பூர்வீகக் காடு இன்று இரண்டு சதவீதம்கூட இல்லை. இந்தத் தீவின் கதையை எழுதியதில் பெரும்பங்கு பசிக்கும் நாக்குக்கும்தான். அது தெரிந்த பிறகு நான் இங்கே சாப்பிடும் முறையே மாறிவிட்டது.

மஹேபூர் கடற்கரையில் நின்றால் ஈல் ஓ ஸெக்ரெத் என்ற பவளத் திட்டு தெரியும். மொத்தப் பரப்பு 26 ஹெக்டேர். படகில் போனால், வழிகாட்டி கருங்காலி மரங்களுக்கிடையே நடத்திச் செல்வார். அங்கே பேராமைகள் மேய்கின்றன. மொரீஷியஸின் சொந்த ஆமைகள் அழிந்துவிட்டதால், அவற்றின் வேலையைச் செய்ய அல்டாப்ரா இனத்தைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். கருங்காலிப் பழம் தாய்மரத்தின் அடியிலேயே விழும். அதைத் தூக்கிப்போக ஆளில்லாமல் கிடந்தது. இப்போது ஆமைகள் தின்று, தள்ளிப்போய் எச்சமிடுகின்றன. அவற்றின் வயிற்றைக் கடந்து வந்த விதை நன்றாகவே முளைக்கிறது. மனிதர் தின்று தீர்த்த ஒன்றின் இடத்தில் இன்னொன்று தின்று காட்டை வளர்க்கிறது. ஓர் ஆமை கழுத்தை நீட்டிப் பழத்தைக் கவ்வுவதை அங்கே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேட்டுநிலத்தில் பிளாக் ரிவர் கார்ஜஸ் தேசியப் பூங்கா இருக்கிறது. பெட்ரின் பக்கம் நடக்கும்போது, இளஞ்சிவப்புப் புறாக்கள் பயமில்லாமல் கிளை தாழ்ந்து வந்து உட்காரும். 1990 வாக்கில் காட்டில் ஏறத்தாழ பத்துப் புறாக்களே மிஞ்சியிருந்தன. இன்று நானூறுக்கு மேல். கெஸ்ட்ரல் என்ற சிறு வல்லூறின் நிலை அதைவிட மோசம். 1974-இல் காட்டில் தெரிந்தவை நான்கே நான்கு. காடழிப்போடு டி.டி.டி. மருந்தும் சேர்ந்து அதை அந்த நிலைக்குக் கொண்டுவந்திருந்தது. 1979-இல் வந்த கார்ல் ஜோன்ஸ் என்ற உயிரியலாளர், கூட்டிலிருந்து முட்டைகளை எடுத்துத் தனியே பொரிக்க வைத்தார். முட்டை இழந்த தாய் மறுபடி முட்டையிடும் என்பது அவருக்குத் தெரியும். இன்று சில நூறு கெஸ்ட்ரல்கள் இருக்கின்றன. மஹேபூருக்குப் பக்கத்திலேயே ஃபெர்னே பள்ளத்தாக்கில், பச்சைப் பல்லியைக் காலில் பற்றிக்கொண்டு ஒன்று பாறை முகட்டுக்குப் பறந்ததைக் கண்டேன்.

அதே மேட்டுநிலத்தில் சீனக் கொய்யா பழுக்கும் காலத்தில் குடும்பம் குடும்பமாகப் பை எடுத்துக்கொண்டு வருவார்கள். கோலிக்குண்டு அளவுள்ள சிவப்புப் பழம். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்றால் புளிப்பும் இனிப்பும் காரமும் ஒன்றாக ஏறும். ஆனால் வெளியிலிருந்து வந்த அந்தச் செடிதான் புதராக அடைத்துப் பூர்வீக மரக்கன்றுகளை எழவிடாமல் செய்கிறது. பாதுகாப்புப் பகுதிகளில் பணியாளர்கள் அதைக் கையால் களைகிறார்கள். குனிந்து குனிந்து வெட்டும் அவர்களைப் பார்த்த பிறகு, கொய்யா பறிக்கப் போனால் ஒரு பழத்தையும் நான் காட்டுக்குள் வீசுவதில்லை.

நவம்பரில் லிச்சி பழுக்கத் தொடங்கும். இரவில் பழந்தின்னி வௌவால்கள் வரும். தீவின் பூர்வீகத் தரைப் பாலூட்டிகள் வௌவால்கள் மட்டுமே. காட்டு மரங்கள் பலவற்றின் விதையைப் பரப்புபவை இந்தப் பழந்தின்னிகள்தான். தோட்டக்காரர்களின் நஷ்டமும் உண்மையானது. அதனால் அரசே 2015 முதல் அவற்றைச் சுட்டுக் கொல்ல ஏற்பாடு செய்தது. 2018-இல் அந்த இனம் அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்ந்தது. நோயாலோ பஞ்சத்தாலோ அல்ல, ஒரு பழத்துக்கான போட்டியில் இன்னும் ஓர் உயிரை இழக்க இந்தத் தீவு துணிந்துவிடக்கூடாது என்பதே என் கவலை.

எங்கள் வீட்டுக்கார அம்மாவைத் தெருவே ‘தாந்தின்’ என்று, அதாவது அத்தை என்று அழைக்கும். அவருடைய லிச்சி மரத்தின் கைக்கெட்டும் கிளைகளுக்கு மட்டும் வலை கட்டுவார். உச்சியை ஏன் விட்டீர்கள் தாந்தின் என்று கேட்டேன். “மேலே இருக்கிறது அதுகளுக்கு. நமக்கு முன்னாலேயே இங்கே இருந்ததுகள்” என்றார்.

தீவில் வாழ்வது என்றால் இதுதான் என்று எனக்குப் படுகிறது. வந்தவர்கள் தங்கள் சுவையைக் கொண்டுவரலாம், மண்ணோடு கலந்து புதிதாகச் சமைக்கலாம், வயிறாரச் சாப்பிடலாம். ஆனால் எல்லையுள்ள நிலத்தில் நாம் எடுக்கும் ஒவ்வொரு கவளமும் வேறொன்றின் வாயிலிருந்து குறைகிறது. ஆமைக்கும் டோடோவுக்கும் பங்கு வைக்க யாரும் நினைக்கவில்லை. புறாவுக்கும் கெஸ்ட்ரலுக்கும் சிலர் பிடிவாதமாக நினைத்தார்கள், அவை இன்று பறக்கின்றன. பங்கு வைத்துச் சாப்பிடத் தெரிந்தவர்களுக்குத்தான் ஒரு தீவு வீடாகும்.