தராசில் ஏறும் பட்டு: காஞ்சிபுரத்தில் பழைய புடவைகள் ஏன் மலிவு?

காஞ்சிபுரம் காந்தி சாலையில் முகூர்த்த மாதங்களில் காலையிலேயே கூட்டம் தொடங்கிவிடும். வெளியூர் வேன்கள் வரிசையாக வந்து நிற்கும். கல்யாணப் பெண்ணோடு அத்தை, சித்தி, பாட்டி என்று ஒரு பட்டாளமே இறங்கும். எல்லாம் புதுப் புடவைக்காக.

அதே ஊரில், பெரிய கடைகளின் வெளிச்சம் எட்டாத சந்துகளில் இன்னொரு வியாபாரமும் சத்தமில்லாமல் நடக்கிறது. ‘பழைய பட்டுப்புடவைகள் வாங்கப்படும்’ என்று ஒரு சின்ன போர்டு. உள்ளே ஒரு மேஜை, ஒரு தராசு. பாட்டியின் கூறைப்புடவையோ அம்மாவின் வளைகாப்புப் புடவையோ, இங்கே வந்தால் கடைக்காரர் முதலில் பார்ப்பது ஜரிகையை. பிறகு எடையை. புடவையின் நிறமோ, கரையில் நெய்த அன்னமோ, யாளியோ அந்தக் கணக்கில் வருவதில்லை.

நாற்பது, ஐம்பது வருடத்துக்கு முன்னால் இரண்டு பேர் தறியில் உட்கார்ந்து பல நாள் நெய்த புடவை அது. இன்று அதே வேலைப்பாட்டில் புதிதாக நெய்யச் சொன்னால் பெரிய தொகை ஆகும். பழையதோ அதில் ஒரு பங்குக்குக் கிடைக்கிறது. ஏன்?

ஜரிகைக்குத்தான் விலை

அசல் காஞ்சிபுரம் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. இன்றைய அளவுப்படி சுத்த ஜரிகையில் சுமார் 40 சதவீதம் வெள்ளி, அரை சதவீதம் தங்கம். மீதி செம்பும் பட்டும். பழைய ஜரிகையில் வெள்ளி இதைவிடக் கூடுதல் என்பார்கள் மூத்த நெசவாளர்கள்.

ஒரு புடவையில் 150 கிராம் ஜரிகை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய அளவில் பார்த்தாலும் 60 கிராம் வெள்ளி, முக்கால் கிராம் தங்கம். புடவையை எரித்து, சாம்பலை உருக்கினால் அது கையில் வந்துவிடும். அன்றைய வெள்ளி விலையில் உருக்கும் செலவையும் லாபத்தையும் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் வியாபாரி தருகிறார். அவர் பேரில் குற்றம் சொல்ல முடியாது. வெள்ளிக்கு ஊரறிந்த விலை ஒன்று இருக்கிறது. யாளிக்கு அப்படி ஒன்று இல்லை.

இதனால் ஒரு விசித்திரம் நடக்கிறது. கனமான ஜரிகைப் புடவைகள் உருக்கும் இடத்துக்குப் போகின்றன. ஜரிகை குறைந்த புடவைகள், நெசவு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், சல்லிசாகப் போகின்றன.

1962-ல் பிறந்த இரண்டு கார்கள்

இந்தக் கணக்கு கொஞ்சம் புரிய, பழைய கார் சேகரிப்பவர்களின் உலகத்தை எட்டிப் பார்க்கலாம். சென்னையிலிருந்து காஞ்சிபுரம் வரும் வழியில், இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலையையும் கார் பந்தயப் பாதையையும் கடந்துதானே வருகிறோம்!

1962-ல் இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் அறிமுகமாயின. ஒன்று இத்தாலியின் ஃபெராரி 250 ஜிடிஓ. இன்னொன்று இங்கிலாந்தின் எம்ஜிபி. இரண்டுமே அழகு. ஆனால் ஃபெராரி தயாரித்தது 36 கார்கள்தான். அதில் ஒன்று 2018-ல் கலிஃபோர்னியா ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது. எம்ஜிபி 1980 வரை 5 லட்சத்துக்கு மேல் தயாரானது. சம்பளக்காரர் ஒருவர் ஆசைப்பட்டு வாங்கக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் அது இன்றும் ஒன்று.

எம்ஜிபி மட்டமான கார் என்று யாரும் சொல்வதில்லை. நிறைய இருக்கிறது, உதிரி பாகம் கிடைக்கிறது, மெக்கானிக்குக்குக் கை பழகிய வண்டி. அதனால் விலை எட்டாத உயரத்துக்குப் போகவில்லை. வாங்குகிறவர்கள் அதைப் பூட்டி வைக்காமல் ஓட்டுகிறார்கள். விலை குறைவாக இருப்பதே அந்தக் காரை உயிரோடு வைத்திருக்கிறது.

புடவை விஷயத்தில் இது தலைகீழ். விலை குறைந்த பழைய புடவை குஷன் உறையாகவோ, பாவாடை சட்டையாகவோ, கடைசியில் கந்தலாகவோ போய்விடுகிறது.

புடவைக்கு ஏது சேசிஸ் நம்பர்?

இந்த வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் ஒரு நம்பர். காருக்கு சேசிஸ் எண், இன்ஜின் எண் உண்டு. சென்னைக்கு அருகே பெருங்களத்தூரில் 1960-களில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கும் உண்டு. எந்த வருடம், எந்த ஆலை, யார் யார் கையில் இருந்தது என்று தேடிப் பிடிக்கலாம். அந்தச் சான்றுதான் சேகரிப்பவருக்குப் பணம் போடும் தைரியத்தைத் தருகிறது.

பட்டுப்புடவையில் நெய்தவர் தன் பெயரைப் போடுவதில்லை. வருடமும் இருக்காது. பில் எப்போதோ தொலைந்திருக்கும். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே 2005-06-ல்தான். சில்க் மார்க் முத்திரையும் இந்த நூற்றாண்டில் வந்தது. அதற்கு முந்தைய புடவைக்கு வீட்டுப் பெரியவர்களின் வாய்மொழிதான் சாட்சி.

பெயர் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் ‘எம்.எஸ். புளூ’. எம்.எஸ்.சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் உருவாக்கிய நீலம் அது. இன்றும் கடையில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். அதே கைகளும் அதே தறிகளும் தந்த எத்தனையோ நிறங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் அமையவில்லை.

விலை குறைவு, வேலை நிறைவு

பழைய காஞ்சிபுரம் புடவைகளில் கட்டுப்படியாகும் விலையில் கிடைப்பவற்றைப் பெரும்பாலும் நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, ஜரிகையே இல்லாமல் பட்டு நூலிலேயே கரை நெய்தவை. பாலும் பழமும் போன்ற கட்டம் போட்டவை. உருக்க எதுவும் இல்லாததால் தராசு இவற்றைக் கண்டுகொள்வதில்லை.

இரண்டாவது, ஒன்பது கஜம். மடிசார் கட்டுகிறவர்கள் குறைந்துவிட்டதால் கேட்பாரும் குறைவு.

மூன்றாவது, மடிப்பில் இற்றுப்போனவை. பல வருடம் ஒரே மடிப்பில் பீரோவில் கிடந்தால் பட்டு அந்த வரியிலேயே விட்டுப்போகும். உடுத்த முடியாது என்பதால் விலை விழும். கரையும் முந்தானையும் மட்டும் அப்படியே இருக்கும்.

நான்காவதுதான் புடவைகளின் எம்ஜிபி. ஒரு காலத்தில் எல்லோர் வீட்டிலும் இருந்த டிசைன்கள். அரக்கு உடல், பச்சைக் கரை. மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. உடல் முழுக்கச் சின்னப் புட்டா. ‘எங்க அம்மாகிட்டயும் இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு’ என்று பார்க்கிறவர்கள் சொல்லும் புடவைகள். நல்ல நிலையில் இருந்தால் இன்னும் பல கல்யாணங்களுக்குத் தாங்கும்.

வாங்கும்போது புடவையைப் புரட்டிப் பாருங்கள். உடலும் கரையும் சேரும் இடத்தில் ரம்பப் பல் மாதிரி ஒரு வரி ஓடினால் அது கோர்வை. மூன்று நாடாக்களை வைத்து, தறியில் இருவர் சேர்ந்து நெய்யும் முறை. உடலின் ஊடை கரைக்குள் நுழையாததால் கரையின் நிறம் கலப்பில்லாமல் பளிச்சென்று இருக்கும். முந்தானை வேறு நிறமாக இருந்தால், அது தொடங்கும் இடத்தையும் பாருங்கள். அங்கே பாவு நூல்களையே மாற்றிப் பிணைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் பிட்னி. ஜரிகை எவ்வளவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், கோர்வையும் பிட்னியும்தான் அந்தப் புடவையில் போன உழைப்பைச் சொல்லும்.

பிள்ளையார்பாளையத்துத் தறிகள்

காந்தி சாலையிலிருந்து ஆட்டோவில் சில நிமிடங்களில் பிள்ளையார்பாளையம். வீட்டுக்குள்ளேயே தறி. சில வீடுகளில் இன்னும் தறிச் சத்தம் கேட்கும். சில வீடுகளில் தறி இருந்த இடத்தில் பைக் நிற்கும். பிள்ளைகள் ஶ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். மாதச் சம்பளம் நிச்சயம். கோர்வை நெய்யத் துணைக்கு ஓர் ஆள் கிடைப்பதே கஷ்டம் என்பது நெசவாளர் வீடுகளில் கேட்கும் புலம்பல்.

இந்த இடத்தில்தான் பழைய புடவையின் உண்மையான மதிப்பு தெரியும். பழைய டிசைனில் புதுப் புடவைகளுக்கு இப்போது நல்ல வரவேற்பு. அவற்றை நெய்ய மாதிரி வேண்டும். கரையில் எத்தனை இழைக்கு ஒரு மயில்கண், தாழம்பூ ரேக்கு எந்த அளவில் ஏறி இறங்குகிறது என்பதையெல்லாம் ஒரு பழைய புடவை சொல்லிவிடும். போட்டோவைப் பார்த்து வரைவதும், புடவையைக் கையில் வைத்து இழை எண்ணுவதும் ஒன்றாகாது. எரிந்த புடவையில் கிடைக்கும் வெள்ளி எங்கும் கிடைக்கும். அதோடு போன டிசைன் வேறு எந்தப் புடவையிலும் இல்லாமல் போயிருக்கலாம்.

அதே தெருக்களைத் தாண்டினால் கைலாசநாதர் கோயில். பல்லவ மன்னன் ராஜசிம்மன் எழுப்பிய மணற்கல் கோயில். வயது சுமார் 1,300. காமாட்சி அம்மன், வரதராஜப் பெருமாள் கோயில்களின் நெரிசல் இங்கே கிடையாது. தூண்களைத் தாங்கிப் பாயும் யாளிகளைப் பார்த்துவிட்டு, பழைய புடவை ஒன்றின் கரையைப் பாருங்கள். கல்லில் இருப்பவைக்குத் தொல்லியல் துறை காவல் இருக்கிறது. பட்டில் இருப்பவைக்கு வீட்டு பீரோதான்.

பீரோவைத் திறக்கும்போது

வீட்டில் பழைய பட்டு இருந்தால், எடைக்குப் போடும் முன் ஒருமுறை முழுதாக விரித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். அந்துருண்டை பட்டிலும் ஜரிகையிலும் படக்கூடாது.

இன்னொன்றும் செய்யலாம். இந்தப் புடவை யாருடையது, எந்த வருடக் கல்யாணத்துக்கு எடுத்தது, எந்த ஊரில் எந்தக் கடை, என்ன விலை என்று பாட்டி இருக்கும்போதே கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். கல்யாண ஆல்பத்தில் அந்தப் புடவையோடு இருக்கும் படம் இருந்தால் அதற்கு ஒரு பிரதி எடுங்கள். இரண்டையும் புடவையோடு சேர்த்து வையுங்கள். காருக்கு ஆர்.சி. புக் மாதிரி, அந்தப் புடவைக்கு அதுதான். நாளைக்கு உங்கள் பேத்தியே அதை விற்க நினைத்தாலும், வாங்க வருகிறவர் தராசைத் தேடும் முன் அந்தத் தாளைப் படிப்பார்.