படகுக்கு உசந்த பாலம்

மரக்காணத்துக்கு வடக்கே, பக்கிங்காம் கால்வாய் மேல எங்க ஊருக்கு ஒரு சின்னப் பாலம். உப்பும் விறகும் ஏத்தின படகு முட்டாமப் போகணும்னு நடுவுல உசத்திக் கட்டினது. இதே கால்வாயின் சென்னைத் துண்டைத் தாது வருசப் பஞ்சத்தில், 1877-78இல், வெட்டினார்கள். 1877 தொடக்கத்தில் பஞ்ச வேலைக்குச் சர்க்கார் குறைத்து வைத்த கூலி ஒரு ராத்தல் தானியம், ஓரணா. பேர் மட்டும் கவர்னருக்கு.

பாலம் இறங்குறது ஊர்த்தெருவுல. படகுக்கு வழி விட்டது எங்க பொணத்துக்கு விடல. 2003 ஐப்பசியில ஆயாவை மார்பளவுத் தண்ணியில இறங்கித்தான் அக்கரைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனோம். பாடை நனையாம அப்பா கையை உசத்திப் பிடிச்சார். ஊர்க்காரங்க பாலத்து மேல நின்னு பார்த்தாங்க.

படகு நின்னு பல வருசமாச்சு. மனு கொடுத்தா, 'இக்கரையிலேயே தனிச் சுடுகாடு தர்றோம், பாலம் எதுக்கு?' என்கிறார் அதிகாரி. சுடுகாடு கேட்டா மனு கொடுத்தோம்?